பங்கு மண்டபத்தில் நான் சொன்ன பத்து நாள்

மகன்,

எங்கள் பங்கின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "அன்ரி, பெடியனைப் பைலட் ஆக்கிப்போட்டியள், இளம் ஆக்களுக்கு நாலு புத்திமதி எழுதுங்கோவன்" என்றாள் மலர்க்குழுப் பிள்ளை. புத்திமதி சொல்லுகிற தகுதி இந்த வருடப் பங்குனியோடு எனக்குப் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. பங்கில் பாதிப் பேருக்கு அந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். மீதிப் பேர் அவர்களிடம் கேட்டு அதைவிட அரைகுறையாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆகவே நான் இளையோருக்கு எழுதவில்லை. திங்கட்கிழமை கல்கரிக்குப் போகிற உனக்குத்தான் எழுதுகிறேன், மற்றவர்கள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கட்டும். என் பிழையை நான் செய்தது எங்கள் கோயிலின் கீழ் மண்டபத்தில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, கையில் கடித்த ரோல்ஸ் வைத்துக்கொண்டு. அதை ஒப்புக்கொள்ளுகிறதும் அதே ஆட்களுக்கு முன்னால்தான் நடக்கவேண்டும். உன்னிடம் உத்தரவு கேட்டேன். "எழுதுங்கோ அம்மா, ஆனா அவையின்ர பேரை மாத்திப்போடுங்கோ" என்றாய். மாற்றிவிட்டேன். இதில் லுக் என்று வருகிறவரின் பெயர் லுக் இல்லை, ஞானம் அண்ணையும் ஞானம் இல்லை. ஆராய்ச்சி செய்யவேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ துணை விமானியாகச் சேர்ந்த வருடம் நினைவிருக்கிறதா? தோளில் தங்கக் கோடு போட்ட சட்டையோடு உன்னை வீடு முழுக்க நடக்கவிட்டுப் படம் எடுத்து, உலகத்தில் இருக்கிற சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினேன். பாரிஸில் இருக்கிற உன் மாமி, "இனி உங்களுக்கு என்ன குறை" என்று பதில் போட்டாள். குறை என்னவென்றால், வைத்தியசாலையில் நோயாளிகளைத் தூக்கித் துடைத்துக் கட்டில் தள்ளுகிற எனக்கு உன்னைவிடச் சம்பளம் கூட. அந்த உடுப்போடு நீ என்னிடம் பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு போன நாட்களும் உண்டு. அதை நான் மாமிக்கு எழுதவில்லை. "ஏன் ராசா, அதே பேர், அதே நிறம், அதே கோப்பி. பெரிய பிளேன் ஓட்டுறவைக்கு மட்டும் ஏன் அவ்வளவு?" என்று கேட்டேன். நீ சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு விளக்கினாய். விமானத்தின் வாலில் எழுதியிருக்கிற பெயர் பெரிய கம்பனியுடையது. சின்ன ஜெட்டுகளை அவர்கள் தாங்கள் ஓட்டாமல் உங்களைப் போன்ற சின்னக் கம்பனிகளுக்குக் கொடுத்து ஓட்டுவிக்கிறார்கள். இத்தனை இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தை நாங்கள்தான் ஓட்டுவோம் என்று பெரிய கம்பனி விமானிகள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழ்ப்பட்டது எல்லாம் யார் மலிவாக ஓட்டுகிறார்களோ அவர்களுக்கு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வைத்தியசாலையில் ஐந்தாம் மாடியைத் துடைப்பது நிரந்தர ஆட்கள், ஆறாம் மாடியைத் துடைப்பது ஏஜென்சிப் பிள்ளைகள். ஒரே அழுக்கு, ஒரே வாளி, சம்பளம் வேறு. "அப்ப நீ ஆறாம் மாடி" என்றேன். "ஓம் அம்மா, ஆனா முப்பத்தையாயிரம் அடி உயரத்தில" என்று சிரித்தாய்.

பிறகு உங்கள் ஒப்பந்தம் முடிந்து புதியதற்குப் பேச்சு தொடங்கியது. புது ஜெட்டுகள் வருகின்றன, இப்போது இருப்பதைவிடப் பெரியவை, சம்பளத்தை இன்னும் சில வருடம் இப்படியே வைத்திருக்கச் சம்மதித்தால் அவை உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறொரு சின்னக் கம்பனிக்கு என்று பெரிய கம்பனிக்காரர் சொல்லிவிட்டார்கள். சங்கம் இரண்டுபட்டது. மூத்த கப்டன்களில் பலர் ஜெட்டுகள் வந்தால் போதும் என்றார்கள். உன் வயதுக்காரர், படிப்புக் கடனும் வீட்டு வாடகையும் கழுத்தை நெரிக்க, இனி முடியாது என்றார்கள். பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஐந்து பேரைத் தெரிவுசெய்தபோது அதில் நீயும் ஒருவன், லுக்கும் ஒருவர். லுக்கைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். கியூபெக்கின் காஸ்பே கடற்கரைக்காரர், உன்னைவிட இருபத்தைந்து வயது மூத்த கப்டன், உன் முதல் மாதங்களில் பக்கத்து இருக்கையில் இருந்து உன்னைப் பழக்கியவர். எங்கள் வீட்டில் நண்டுக் கறி என்றால் அவருக்கும் ஒரு கோப்பை வைப்போம். எனக்கோ வேலைநிறுத்தம் என்ற சொல்லே ஆகாது. நீ தெருவில் நிற்பாய், ஜெட்டுகள் வேறு எங்கோ போய்விடும், நீ படித்த படிப்பும் நாங்கள் பட்ட பாடும் வீண் என்று ஒரே பயம். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிற உன் அப்பா பதறவில்லை. "அவன் சின்னப்பிள்ளையோ? அவனுக்குத் தெரியும். நீர் பேசாமல் இரும்" என்றார். பேசாமல் இருந்திருக்கலாம்.

இனி உனக்கும் பங்குனிவரை தெரியாமல் இருந்த விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வயதில் இருந்து நீதான் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளன். வீட்டுக்காரனிடம் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னது நீ, மின்சாரக் கடிதத்தை வாசித்தது நீ, பள்ளிக்கூடத்தில் உன்னைப் பற்றி ஆசிரியை சொன்ன முறைப்பாட்டையே எனக்குத் தமிழில் சொன்னதும் நீதான். அப்போது எனக்கு உண்மையாகவே பிரெஞ்சு தெரியாது. ஆனால் வைத்தியசாலையில் என்னிடம் அகப்பட்ட கியூபெக் கிழவிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. தலையணையை உயர்த்து, கால் குளிருது, உனக்குக் காது கேட்காதா என்று ஏசி ஏசியே படிப்பித்துவிட்டார்கள். இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் விளங்கியது. பத்து வருடத்தில் சண்டை பிடிக்கவும் வந்தது. வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் உன் நண்பர்களுக்கு முன்னால் நான் ஏதோ சொல்லப்போய், நீ என் உச்சரிப்பைத் திருத்திவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். உனக்குப் பதின்மூன்று வயது, பிழை இல்லை. ஆனால் எனக்கு அது சுட்டது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீட்டுக்காரனோடு கதைக்கும்போது நீ நிமிர்ந்து நிற்பாய், அது பார்க்க எனக்கு ஆசை. இப்படியே போய், பிறகு சொல்லுவது வெட்கம் என்ற அளவுக்கு வருடங்கள் ஏறிவிட்டன. அம்மாவுக்கு போன்ஜூர், மெர்சி இரண்டும்தான் தெரியும் என்பது எங்கள் வீட்டில் கல்லில் எழுதிய சங்கதி ஆகிவிட்டது.

அதனால் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை நீ குசினிக் கதிரையில் இருந்து லுக்கோடு போனில் பிரெஞ்சில் கதைத்தபோது என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். வேலைநிறுத்தம் என்று வந்தால் எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்போம் என்று அவர் கேட்டிருக்கவேண்டும். நீ குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாய்: இளம் விமானிகள் பத்து நாளுக்கு மேல் தாங்கமாட்டார்கள், பதினோராம் நாள் உடைந்துவிடுவார்கள், இது ஐந்து பேருக்கு வெளியே போகக்கூடாது. என் கையில் இருந்த கத்தி நின்றுவிட்டது. நீங்கள் வெல்லப் போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, பிறகு எதற்கு இந்தக் கூத்து என்றுதான் எனக்குப் பட்டது. போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். "என்னம்மா, வெங்காயமோ?" என்று கேட்டாய். "ஓம் ராசா" என்றேன்.

அடுத்த நாள் பூசை முடிந்து எல்லோரும் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஞானம் அண்ணை வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். மன்னாரில் எங்கள் பங்குக்காரர், என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுகிறவர், உன் கம்பனியின் டொர்வால் விமான நிலையக் கந்தோரில் நேர அட்டவணை போடுகிற பிரிவில் வேலை. அவராகக் கேட்கவில்லை, மகன். இதை எல்லோரும் வாசிக்கவேண்டும். நானாகத்தான் சொன்னேன். "அண்ணை, இந்தப் பெடியளால பத்து நாளுக்கு மேல நிக்க ஏலாதாம். வாடகை, கடன் எண்டு எல்லாருக்கும் இடுப்பு முறியுது. மேல இருக்கிறவைக்கு ஒருக்காச் சொல்லி, கொஞ்சம் இரங்கச் சொல்லுங்கோ" என்றேன். "ஆர் சொன்னது?" என்று கேட்டார். "வீட்டில கதைக்கேக்குள்ள காதில விழுந்தது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "பாப்பம் தங்கச்சி, எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒராள் இருக்கிறார்" என்றார். எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. வீட்டுக்குப் போய் அன்று மத்தியானம் உனக்குப் பிடித்த கணவாய்ப் பொரியல் செய்தேன். நீ மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாய்.

அந்த வாரமே பேச்சுமேசையில் மறுபக்கத்தில் இருந்த ஒருவர் கையில் இருந்த ஃபைலை மூடிவைத்துவிட்டுச் சொன்னாராம், நீங்கள் தாராளமாக வேலைநிறுத்தம் செய்யலாம், எங்களுக்குப் பத்து நாள் காத்திருக்கத் தெரியும், பதினோராம் நாள் உங்கள் இளையவர்களே கையெழுத்துப் போடப் பேனையோடு வருவார்கள் என்று. நீ வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாய். "ஆரோ எங்கடை ஆள்தான் சொல்லியிருக்கிறான்" என்றாய் அப்பாவிடம். ஐந்து பேரில் யார் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்திருக்கிறார்கள். புது ஜெட்டுகள் வந்தால் முதலில் அதில் ஏறி இருப்பது மூத்த கப்டன்கள். குழுவில் மூத்தவர் லுக். போதாக்குறைக்கு, ஜெட்டுகளை விட்டுவிடக்கூடாது என்று கூட்டத்தில் வாதாடியவரும் அவர்தான். அவரை விலகும்படி கேட்டார்கள், அவரும் எழும்பிப் போனாராம். நீயும் அவருக்கு எதிராகக் கையை உயர்த்தினாய். அன்று நீ சாப்பிடவில்லை. "என்னைப் பிளேன் ஓட்டப் பழக்கினவன் அம்மா" என்று மட்டும் சொன்னாய். நான் சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன். ஏற்கெனவே கழுவிய சட்டி அது.

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்குள் என்னென்ன நியாயம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? ஞானம் அண்ணை சொல்லியிருக்கமாட்டார், வேறு யாரோ என்றேன். லுக்குக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச வருடம்தானே, உனக்கு வாழ்க்கை முழுக்கக் கிடக்கிறது என்றேன். அது கேவலமான நினைப்பு என்று அப்போதே தெரியும், இருந்தும் நினைத்தேன். சொன்னால் நீ குழுவில் இருந்து போகவேண்டிவரும், சங்கத்தில் உன் பெயர் கெட்டுவிடும், அதைவிட நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம். வைத்தியசாலையில் ஒரு கிழவியை உடுப்பு மாற்றிவிட்டு, கழற்றியதையே திரும்பப் போட்டுவிட்டேன். "உனக்கு இன்றைக்கு என்ன நடந்தது, மகளே?" என்று அந்தக் கிழவி கேட்டது.

ஐந்தாம் நாள், நீ ஹலிஃபக்ஸ் போயிருந்த காலை, கதவு மணி அடித்தது. லுக் நின்றார். கையில் வெறும் ஐஸ்கிரீம் பெட்டி. முந்திய மாதம் நண்டுக் கறி போட்டு அனுப்பிய பெட்டியைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார், பாவி மனிதன். எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, கையால் விமானம் காட்டி, நெஞ்சைத் தொட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோலச் சொன்னார்: "மதாம். உங்கள் மகன். அவனுக்குச் சொல்லுங்கள். லுக், இல்லை. லுக், சொல்லவில்லை." ஐம்பத்தைந்து வயது ஆள், கனத்த மேற்கோட்டோடு, என் வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சுகிறார். என்னால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கூட்டிச் சொன்னேன்: "உள்ளே வாருங்கள். நீங்கள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னது நான்."

அவர் முதலில் விஷயத்தைப் பிடிக்கவில்லை. "மதாம், நீங்கள் பிரெஞ்சு பேசுகிறீர்களா?" என்றார். "இருபது வருடமாக" என்றேன். சப்பாத்து வைக்கிற தட்டில் தொப்பென்று இருந்துவிட்டார். "அப்படியென்றால், நண்டு உறைப்பு என்று நான் அவனிடம் சொன்னது?" "கேட்டேன். அதனால்தான் அடுத்தமுறை மிளகாய் குறைத்தேன்." அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், குசினி, வெங்காயம், மண்டபம், ஞானம் அண்ணை, ஒன்றும் விடாமல். ஏசுவார் என்று பார்த்தேன். தேத்தண்ணி கேட்டார். குடித்து முடித்துவிட்டு, "இதை நான் போய்ச் சொன்னால், தப்பிக்க அவன் அம்மாவின் மேல் பழி போடுகிறேன் என்று நினைப்பார்கள். நீங்களே அவனுக்குச் சொல்லவேண்டும். இன்றைக்கு" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

லியோனல்-குரூ மெட்ரோவில் இறங்கி 747 பஸ் பிடித்து டொர்வாலுக்கு வந்தேன். நீ பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது என்னைக் கண்டு, "அப்பாவுக்கு ஏதுமோ?" என்று ஓடிவந்தாய். அந்தக் கூட்டத்துக்குள், பயணப்பொதிகள் இடிபட, நின்றபடியே சொன்னேன். நீ ஞானம் அண்ணையைப் பற்றிக் கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது வேறு. "எப்ப தொடக்கம் அம்மா உங்களுக்குப் பிரெஞ்சு விளங்குது?" "நீ பத்துப் பதினொரு வயசா இருக்கேக்குள்ள இருந்து." "அப்ப, மிஸ் சொன்னதை நான் மாத்திச் சொன்னதெல்லாம்?" "எல்லாம் தெரியும். பாவம் பிள்ளை எண்டு விட்டனான்." வேறொரு நாள் என்றால் நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருப்போம். "இவ்வளவு வருசமா நான் ஆரோட என்ன கதைச்சாலும் நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறியள்" என்றாய் மெதுவாக. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "747-இலயோ வந்தனீங்கள்? அதிலயே போங்கோ. நான் பேந்து வாறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எனக்கு ஒரு கடதாசிக் கைக்குட்டை தந்தாள். நான் அழுவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை என் அறைக் கதவைத் தட்டினாய். "கோட்டைப் போடுங்கோ. எனக்குச் சொன்னதை அவைக்கும் சொல்லவேணும்." விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சங்கம் எடுத்திருந்த அறை. குழுத் தலைவி வினிபெக்கைச் சேர்ந்த கப்டன், மெல்லிய உருவம், கண் மட்டும் கத்தி. நான் பிரெஞ்சில் தொடங்கினேன். நீ பழக்கத்தில் எனக்கு மொழிபெயர்க்க வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாய். சரியாக என்ன சொன்னேன், யார் கேட்டது, எந்த நாள் என்று அவர் துருவிக் கேட்டுவிட்டுக் கடைசியில், "ஏன்?" என்றார். என்ன சொல்லுவது? உள்ளதைச் சொன்னேன். எங்கள் ஊரில் சோதனைச் சாவடி தாண்டவேண்டும் என்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் ஐயா, வீட்டில் ஒருவரும் இல்லை ஐயா என்று எங்கள் இயலாமையைத்தான் நாங்கள் நீட்டுவோம். சில நாள் விடுவார்கள். துவக்கு வைத்திருக்கிறவனிடம் எங்கள் பலவீனத்தைச் சொன்னால் இரங்குவான் என்று படித்துக்கொண்டு வந்தவள் நான். கோட்டும் ரையும் போட்ட ஆட்களிடமும் அதையே செய்தேன். பிறகு தலைவி போனை எடுத்து லுக்கைக் கூப்பிட்டார். அவர் வந்தபோது ஒவ்வொருவராக எழும்பி மன்னிப்புக் கேட்டார்கள். நீ கடைசியாகப் போனாய். நீ கேட்ட மன்னிப்பு ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை, நான் காதை வேறு பக்கம் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்குத் தெரியும். அவர்கள் பத்து என்று நம்புகிறார்கள், அப்படியென்றால் நாங்கள் இருபதுக்கு ஆயத்தம் செய்வோம் என்று முடிவெடுத்தீர்கள். மூத்த கப்டன்கள் இளையவர்களின் வாடகையைப் பொறுப்பெடுத்தார்கள். பெரிய கம்பனியின் விமானிகளும் உதவினார்கள், மலிவான ஜெட் நாளைக்குத் தங்கள் இருக்கைக்கும் வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன. பங்குனியில் வேலைநிறுத்தம் தொடங்கி, சேற்றுப் பனிக்குள், தொப்பி உடுப்போடு, கோஷம் ஒன்றும் இல்லாமல் வரிசையாக நடந்தீர்கள். பதினோராம் நாள் காலை நானும் வந்து நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த காலை வேறில்லை. யாராவது ஒரு பிள்ளை பேனையோடு உள்ளே போய்விடுமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் போகவில்லை. லுக் உனக்கு முன்னால் நடந்தார். பதின்மூன்றாம் நாள் அவர்களே பேசக் கூப்பிட்டார்கள். ஜெட்டுகள் உங்களுக்குத்தான் என்று எழுத்தில் வந்தது, புதிதாகச் சேருகிற பிள்ளைகளின் சம்பளம் உயர்ந்தது, கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. நீ செய்தி அனுப்பியபோது நான் வேலையில் நின்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவே மாதாவே என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கிழவி, "நல்ல செய்திதானே, அப்படியானால் என் தலையணையை உயர்த்து" என்றது. அப்படியொரு ஆறுதலை நான் அனுபவித்ததே இல்லை. அன்று பின்னேரம் சோபாவில் சாய்ந்தவள்தான், அப்பா எழுப்பவும் எழும்பவில்லையாம்.

"அன்ரி, நீங்கள் சொன்னதாலதான் கம்பனிக்காரர் பத்து நாளுக்கு மட்டும் ஆயத்தமா நிண்டவை, உங்களாலதான் வெண்டது" என்று சிலர் என்னிடம் சொல்லுகிறார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம். வென்றது நீங்கள். என்னால் நடந்தது, ஒரு நல்ல மனிதன் ஒரு கிழமை தன் வீட்டாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது. ஞானம் அண்ணையிடம் போய்க் கேட்டேன். "நான் நல்லதுக்குத்தான் தங்கச்சி சொன்னனான். பாவம் பெடியள், கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ எண்டு" என்றார், கண் கலங்கி. அவரிடம் என்ன கோபப்படுவது, நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். இனிமேல் அப்படிச் செய்வதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். சித்திரையில் என் சொந்தச் சங்கக் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போனேன். இருபத்திரண்டு வருடம் சந்தா கட்டியிருக்கிறேன், கூட்டம் எங்கே நடக்கிறது என்றே தெரியாது. ஆறாம் மாடிப் பிள்ளைகளைப் பற்றி எழும்பிப் பிரெஞ்சில் பேசினேன். என் உச்சரிப்பைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் முடித்திருப்பேன்.

புத்திமதி கேட்ட அந்தப் பிள்ளை ஏமாந்துபோகக் கூடாது, ஆகவே இரண்டு சொல். கல்கரியில் நீ கப்டன். உனக்குப் பக்கத்தில் இருக்கப்போகிற துணை விமானி பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் வந்திருக்கலாம், கேட்டுப்பார். உன் ஆட்களில் ஒருவன் மேல் சந்தேகம் வந்தால், கையை உயர்த்த முதல் அவனுடைய வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருந்து கேள். லுக்கிடம் நீ அதைச் செய்யவில்லை. உன்னை அப்படி வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு, நானே முகத்துக்கு நேரே கேட்காமல் பக்கத்தால் கேட்டுப் பழகியவள். அங்கே குளிருக்குக் காது மூடித் தொப்பி போடு. லுக்குக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடு. அவர் எடுக்காவிட்டால் எனக்குச் சொல்லு, நான் எடுத்து அவருடைய பாஷையிலேயே ஏசுகிறேன்.

கடைசியாக ஒன்று. பங்குனிக்குப் பிறகு நீ என்னோடு கதைத்தாய், சாப்பிட்டாய், பகிடி விட்டாய், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் போன் அடித்தால் எழும்பி வெளியே போய்விடுவாய். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் நான் இல்லை. போன செவ்வாய்க்கிழமை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நீ என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாய். ஒரு விஷயம் சொன்னாய், தமிழில். "இன்னும் ஒருதருக்கும் தெரியாது அம்மா. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்" என்றாய். நான் உன் சட்டையை மடிப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டேன், முகத்தை உனக்குக் காட்டமுடியவில்லை. அது என்ன விஷயம் என்று இந்த மலரில் இல்லை. பங்கில் கேட்டாலும் இல்லை. அப்பாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. அவர் இதை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம்தான் வருவார்.

வரட்டும்.

அம்மா